வலியைத் தேடிய மருத்துவர்

நுழையும்முன்

வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மராத்தி, பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் எனக் கராடியில் வளரும் பிள்ளைகளுக்கு, பெற்றோரின் மொழி ஒன்றும் சுற்றியிருந்தோரின் மொழி வேறொன்றுமாக வளர்ந்த ஒரு சிறுவனின் கதை புதிதாகத் தோன்றாது. அச்சிறுவன் பெரியவனாகி, உலகம் அஞ்சி ஒதுக்கிய ஒரு நோயைத் தமிழ்நாட்டில் தங்கி ஆராய்ந்தார். நரம்புகளைத் தாக்குவதும், உடலின் நோய் எதிர்ப்பாற்றலைப் பொறுத்துத் தன் போக்கை மாற்றிக்கொள்வதும், ஆண்டுக்கணக்கில் நீடிப்பதுமான அந்நோயின் பெயர் தொழுநோய். அம்மருத்துவர் பால் பிராண்ட்.

கொல்லிமலைச் சிறுவன்

கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை கொல்லிமலை. இன்று அது நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது. எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பேருந்து மேலேறுகிறது. நூறு ஆண்டுகளுக்கு முன்னர் அங்குப் பேருந்தும் இல்லை, சாலையும் இல்லை. நடந்தோ, குதிரையிலோ, டோலியிலோதான் மலையேற வேண்டும். காய்ச்சலுக்கு அஞ்சிச் சமவெளி மக்கள் அம்மலைப்பக்கம் செல்லவே தயங்கிய காலம் அது. ஜெசி பிராண்ட், ஈவ்லின் என்னும் ஆங்கிலேய இணையர் கிறித்தவ சமயப் பணிக்காக அம்மலையில் குடியேறினர். அவர்களுடைய மகனாக 1914-ஆம் ஆண்டு பிறந்தவர் பால் வில்சன் பிராண்ட்.

அவருக்கு விளையாட்டுத் தோழர்கள் மலைவாழ் மக்களின் பிள்ளைகளே. மரமேறுவதும் ஓடையில் இறங்குவதும் தமிழில் பேசிச் சண்டையிடுவதுமாக அவருடைய இளமை கழிந்தது. தந்தை ஜெசி வீடு கட்டத் தெரிந்தவர். சிறிதளவு மருத்துவமும் பயின்றவர். காலில் முள் தைத்தவரும் காய்ச்சல் கண்டவரும் அவர் வீட்டு வாயிலில் வந்து நிற்பர். ஒருநாள் மூவர் வந்தனர். அவர்களைக் கண்டதும் தாய் பிள்ளைகளை வீட்டிற்குள் அனுப்பிவிட்டார். எல்லோரையும் வெறுங்கையால் தொட்டு மருந்திடும் தந்தை அன்று மட்டும் கையுறை அணிந்துகொண்டு அம்மூவரின் கால்களைக் கழுவிக் கட்டுப் போட்டார். அவர்கள் அமர்ந்திருந்த இடத்தில் பிள்ளைகள் விளையாடக் கூடாது என்று பின்னர்க் கட்டளையும் பிறந்தது. அந்த மூவரும் தொழுநோயாளர்கள். அன்புள்ளம் கொண்ட ஒரு குடும்பத்திலேயே அந்நோய் இத்தகைய அச்சத்தை உண்டாக்கியது என்றால், மற்ற இடங்களில் நோயாளிகள் எப்படி நடத்தப்பட்டிருப்பர் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

ஒன்பது வயதில் பால் கல்விக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். பெற்றோர் மலையிலேயே தங்கிவிட்டனர். இடையில் இருந்த ஒரே பாலம் கடிதம்தான். 1929-ஆம் ஆண்டு தந்தை மலேரியாவின் கொடிய வகையொன்றால் இறந்தார். தந்தி உடனே வந்தது. ஆனால் கப்பலில் ஏறிய கடிதங்கள் மெல்லத்தான் வந்து சேரும். இறந்துபோன தந்தை மலையையும் மரங்களையும் பற்றி மகனுக்கு எழுதிய கடிதங்கள், தந்திக்குப் பின்னரும் சில வாரங்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. அப்போது பாலுக்கு வயது பதினைந்துகூட நிறையவில்லை.

மருத்துவராகும் எண்ணம் அவருக்குச் சிறிதும் இருந்ததில்லை. தந்தையிடம் வந்த நோயாளிகளின் புண்ணும் சீழும் அவர் மனத்தில் அருவருப்பையே பதித்திருந்தன. ஆகவே கட்டடத் தொழில் கற்றார். தச்சு வேலை, கல் வேலை எனச் சில ஆண்டுகள் உளியும் சுத்தியலுமாக உழைத்தார். பின்னர்ச் சமயப் பணிக்கு உதவும் என்று குறுகிய கால மருத்துவப் பயிற்சி ஒன்றில் சேர்ந்தபோதுதான் மனம் மாறியது. இலண்டனில் முறையாக மருத்துவம் பயின்று அறுவை மருத்துவரானார். இரண்டாம் உலகப் போரில் அந்நகரின்மீது குண்டுகள் விழுந்த இரவுகளில், சிதைந்த உடல்களைச் சீராக்கும் பணியில் கைதேர்ந்தார். உடன் பயின்ற மார்கரெட் என்பவரை 1943-இல் மணந்துகொண்டார். தச்சுத் தொழிலில் கழிந்த ஆண்டுகள் வீணாகிவிட்டனவோ என்று அவர் வருந்தியதுண்டு. வேலூருக்கு வந்த பின்னர் அந்த வருத்தம் நீங்கியது.

கைகுலுக்கலில் கிடைத்த விடை

1946-இல் பிராண்ட் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். அங்கிருந்த மருத்துவர் இராபர்ட் காக்ரேன் தொழுநோய் வல்லுநர். அவர் பிராண்டைச் செங்கற்பட்டுக்கு அருகே இருந்த தொழுநோய் இல்லத்தைக் காண அழைத்துச் சென்றார். தோட்டத்தில் நடந்தபடி தோலில் தோன்றும் தேமல்களைப் பற்றிக் காக்ரேன் விளக்கிக்கொண்டு வந்தார். பிராண்டின் கண்களோ கைகளையே நோக்கின. எங்குப் பார்த்தாலும் பறவையின் நகம்போல் மடங்கிய விரல்கள், குறைந்துபோன விரல்கள், விரலே இல்லாத கைகள். கைகள் ஏன் இவ்வாறு ஆகின்றன என்று கேட்டார். காக்ரேனிடம் விடை இல்லை. அவர் தோல் மருத்துவர். எலும்பும் தசையும் அறிந்த அறுவை மருத்துவர் எவரும் அதுவரை இந்நோயை ஆராய முன்வரவில்லை.

அங்கு நின்ற ஓர் இளைஞரின் மடங்கிய கைக்குள் பிராண்ட் தம் கையை வைத்து அழுத்தச் சொன்னார். மெலிந்த பிடியை எதிர்பார்த்தவருக்குக் கை நொறுங்கிவிடும்போல் வலித்தது. அந்தக் கையில் வலிமை மிகுதியாகவே இருந்தது. அவ்வாறாயின் எல்லாத் தசைகளும் செயலிழக்கவில்லை. செயல்படும் தசையைக் கொண்டு செயலிழந்த விரலை நிமிர்த்தலாமே என்ற எண்ணம் அந்த நொடியில் பிறந்தது.

இந்நோயின் இயல்பை இங்கே அறிந்துகொள்வது நல்லது. தொழுநோய்க் கிருமியை 1873-இல் நார்வே நாட்டு மருத்துவர் ஹேன்சன் கண்டறிந்தார். அது மிக மெதுவாகப் பெருகுவது. உடலில் புகுந்து நோயாக வெளிப்படச் சராசரியாக ஐந்து ஆண்டுகள், சிலருக்கு இருபது ஆண்டுகள்கூட ஆகும். நூற்றுக்கு ஏறத்தாழ 95 பேருக்கு அதை வெல்லும் எதிர்ப்பாற்றல் இயல்பாகவே உண்டு. எஞ்சியோருள்ளும் எதிர்ப்பாற்றல் ஓரளவு உள்ளவர்க்கு உணர்ச்சியற்ற சில தேமல்களோடு நோய் அடங்கும். மிகக் குறைந்தவர்க்கு உடல் முழுவதும் பரவும். கிருமி விரும்பிக் குடியேறுவது நரம்புகளில். அதற்குக் குளிர்ச்சி பிடிக்கும். ஆகவே முழங்கை, மணிக்கட்டு, முழங்காலின் புறப்பக்கம் என நரம்பு தோலுக்கு அருகே ஓடும் குளிர்ந்த இடங்களே அதன் இருப்பிடம். முழங்கையை மேசையில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை சுரீரென்று மின்சாரம் பாய்வதுபோல் இருக்குமல்லவா? அங்கே ஓடும் நரம்பைத்தான் அது முதலில் நாடுகிறது. சில வேளைகளில் எதிர்ப்பாற்றல் திடீரென்று விழித்துக்கொண்டு கிருமியைத் தாக்கும். அத்தாக்குதலில் நரம்பு வீங்கிச் செயலிழக்கும். கள்வனைப் பிடிக்கப் புகுந்த காவலர் வீட்டையே இடித்துவிடுவது போன்றது அது.

பிராண்டும் அவருடைய உதவியாளர்களும் நூற்றுக்கணக்கான கைகளை அளந்து குறித்தனர். எந்தத் தசை இயங்குகிறது, எங்கே உணர்ச்சி நின்றுவிடுகிறது என்று பதிவு செய்தனர். உள்ளங்கையில் இருக்கும் சிறு தசைகள் செயலிழப்பதும், முன்கையில் உள்ள பெரிய தசைகள் பல நலமாகவே இருப்பதும் மீண்டும் மீண்டும் தெரிந்தது. நலமான தசை ஒன்றின் நாணைப் பிரித்து, தோலுக்கு அடியில் வழியமைத்து, மடங்கிய விரல்களோடு இணைத்தால் விரல்கள் நிமிர வேண்டும். இதை முதலில் செய்து பார்த்தது மிகுந்த தயக்கத்தோடுதான். அந்நோயாளிகளுக்குப் பொது மருத்துவமனைகள் படுக்கை தர மறுத்த காலம் அது. தொழுநோயாளியின் சதையைத் தைத்தால் ஆறாது என்பதும் மருத்துவர்களிடையே நிலவிய நம்பிக்கை. தைத்த காயங்கள் மற்றவர்க்கு ஆறுவதுபோலவே ஆறின. விரல்கள் நிமிர்ந்தன. வேறொரு வேலைக்கென இருந்த தசை புதிய வேலையைப் பழகிக்கொள்ளப் பல வாரங்கள் பயிற்சி தேவைப்பட்டது. உருண்டை பிடித்துச் சோறு உண்ணும் நாளுக்காகவே நோயாளிகள் அப்பயிற்சியைப் பொறுமையாகச் செய்தனர்.

ஆயினும் ஓர் ஏமாற்றம் காத்திருந்தது. நலம் பெற்றுச் சென்ற ஒருவர் சில மாதங்களில் உடல் மெலிந்து திரும்பி வந்தார். தழும்பைக் கண்டு எவரும் வேலை தரவில்லை, வீடும் தரவில்லை. முன்பெல்லாம் மடங்கிய விரல்களைக் கண்டு இரங்கிக் காசு போட்டவர்கள், நிமிர்ந்த விரல்களைக் கண்டு எதுவும் போடாமல் சென்றனர். அவருக்குச் செய்த நன்மை பிச்சைக்கும் வழியில்லாமல் ஆக்கிவிட்டதை உணர்ந்து பிராண்ட் தலைகுனிந்தார். கையை மட்டும் சீராக்கிப் பயனில்லை என்பது புரிந்தது. கல்லூரி வளாகத்தில் நவஜீவ நிலையம் என்னும் சிறு குடியிருப்பு உருவானது. நோயாளிகள் அங்கே தங்கித் தச்சு வேலை கற்றனர். மர பொம்மைகள் செய்து விற்றனர். கற்றுத் தந்தவர் பிராண்ட். இலண்டனில் பயின்ற உளியும் இழைப்புளியும் இவ்வாறு வேலூரில் பயன்பட்டன.

விரல்கள் எங்கே போயின?

மடங்கிய விரலுக்கு விடை கிடைத்துவிட்டது. குறைந்துபோன விரலுக்கு விடை கிடைக்கவில்லை. தொழுநோயில் சதை அழுகி விரல்கள் தாமாக உதிர்கின்றன என்றே உலகம் நம்பியது. மருத்துவர்களும் அவ்வாறே எண்ணினர். பிராண்டின் வாழ்வில் மிகப் பெரிய கண்டுபிடிப்பு இதில்தான் நிகழ்ந்தது. அதற்கு நுண்ணோக்கி தேவைப்படவில்லை. கூர்ந்து பார்க்கும் கண்கள் போதுமாயிருந்தன.

ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க முடியாமல் பிராண்ட் திணறினார். நோயாளியான சிறுவன் ஒருவன் முன்வந்து சாவியை வாங்கி எளிதாகத் திருப்பிவிட்டான். அவனுடைய வலிமையைக் கண்டு வியந்தவர், தரையில் சொட்டிய இரத்தத்தைப் பார்த்தார். சாவி சிறுவனின் விரலை எலும்பு தெரியும்வரை வெட்டியிருந்தது. அவனோ எதையும் அறியாமல் நின்றான். வேறோரிடத்தில் தணலில் விழுந்த கிழங்கை ஒரு முதியவர் வெறுங்கையால் எடுத்துக் கொடுத்ததையும் அவர் கண்டிருந்தார். வலி தெரிந்த மனிதன் சாவியை ஓரளவுக்குமேல் அழுத்தமாட்டான், தணலில் கையிடமாட்டான். வலி அவனைத் தடுத்துவிடும். இவர்களைத் தடுக்க எதுவும் இல்லை. நோய் விரல்களைத் தின்னவில்லை. நோய் நரம்பைக் கொன்று வலியை அழித்தது. வலியில்லாத கையை அன்றாட வேலைகளே தேய்த்து அழித்தன. காயம்பட்ட விரலைக்கொண்டே மேலும் மேலும் வேலை செய்ததால் புண்ணில் சீழ் வைத்து எலும்பு கரைந்தது.

இதை மெய்ப்பிக்க, நவஜீவ நிலையத்தில் ஒவ்வொருவரின் கைகளும் கால்களும் நாள்தோறும் சோதிக்கப்பட்டன. ஒவ்வொரு காயத்திற்கும் காரணம் தேடப்பட்டது. சுத்தியலின் கரடான கைப்பிடி, சூடான பாத்திரம், செருப்பில் நீட்டிய ஆணி என்று ஒவ்வொன்றாகக் காரணங்கள் அகப்பட்டன. ஒன்று மட்டும் பிடிபடவில்லை. இரவில் நலமாக உறங்கச் சென்றவரின் விரல் நுனி காலையில் காணாமற் போயிருந்தது. காரணம் அறிய ஓர் இரவு விழித்திருந்து காவல் காத்தனர். எலி வந்தது. உறங்குபவரின் விரலை மோந்து பார்த்துக் கடிக்கத் தொடங்கியது, அவர் அசையவில்லை. அதன்பின் வீடு திரும்பும் நோயாளிகளுக்கு ஒரு பூனையும் கொடுத்தனுப்பப்பட்டது. மருத்துவ நூல்களில் காணமுடியாத மருந்து அது.

கால்களுக்குப் பூனை போதாது. உணர்ச்சியற்ற பாதம் கல்லையும் முள்ளையும் அறியாது. நாம் நடக்கும்போது பாதத்தில் ஓரிடம் சூடேறினால் நம்மை அறியாமலேயே நடையை மாற்றிக்கொள்கிறோம். அவர்களோ ஒரே இடத்தில் அழுத்தம் விழுமாறு நடந்து, அங்கே ஆழ்ந்த புண் வரவழைத்துக்கொள்கின்றனர். புண்பட்ட காலைச் சுற்றி மாவுக்கட்டு போட்டு அழுத்தத்தைப் பாதம் முழுவதும் பரவச் செய்யும் முறையை இலங்கையின் அறுவை மருத்துவர் மில்ராய் பால் முன்பே கையாண்டிருந்தார். அம்முறையை வேலூரிலும் பின்பற்றிப் பயன்கண்டனர். ஆறிய பாதத்திற்கு, நுண்ணிய காற்றறைகள் நிறைந்த மெத்தென்ற இரப்பரால் செருப்புகள் செய்யப்பட்டன. வேலூருக்கு அருகே கரிகிரியில் 1955-இல் நிறுவப்பட்ட தொழுநோய் ஆய்வு மையம் இப்பணிகளுக்குப் பெரிய களமாயிற்று.

கண்களைக் காத்தவர் மார்கரெட். கண் இமைத்தலும் நரம்பின் வேலையே. அந்நரம்பு செயலிழந்தால் இமை மூடாது. கண் உலர்ந்து பார்வை போகும். மெல்லும் தசையின் ஒரு பகுதியை இமையோடு இணைக்கும் அறுவை முறை இதற்குக் கைகொடுத்தது. அவ்வறுவைக்குப் பின் வாயை அசைத்து மென்றால் கண் மூடும். எதையேனும் மென்றுகொண்டே பார்வையைக் காத்தவர்கள் இருந்தனர்.

ஓர் இரவு

அமெரிக்கப் பயணத்தை முடித்து இங்கிலாந்து திரும்பிய பிராண்ட், ஒருநாள் இரவு இலண்டனில் தங்கினார். காய்ச்சலால் உடல் களைத்திருந்தது. காலுறையைக் கழற்றும்போது குதிகாலில் உணர்ச்சி இல்லாததை அறிந்தார். ஊசி எடுத்துக் குத்தினார். வலிக்கவில்லை. நாள்தோறும் தொழுநோயாளிகளைத் தொட்டு வாழ்ந்தவருக்கு அதன் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. இரவு முழுவதும் உறக்கமின்றிக் கிடந்தார். மனைவி மக்களைப் பிரிய வேண்டும். அறுவைக் கத்தியைப் பிடித்த கை மரத்துப்போகும். தம் குழந்தையைத் தொட்டால்கூடத் தெரியாது. இத்தனை ஆண்டுகளாக அவர் நோயாளிகளுக்கு ஆறுதல் கூறியவர். அந்த இரவில்தான் அவர்கள் உள்ளத்தை உள்ளிருந்து அறிந்தார். விடிந்ததும் மறுபடி ஊசியால் குத்தினார். சுரீரென்று வலித்தது. இரயிலில் நெடுநேரம் அசையாமல் அமர்ந்திருந்ததால் நரம்பு அழுந்தி மரத்திருந்ததே காரணம். வாழ்நாளில் அத்தனை இனிமையான வலியை அவர் உணர்ந்ததில்லை.

அவருடைய பணி உலகப் புகழ்பெற்றது. 1960-இல் ஆல்பர்ட் லாஸ்கர் விருது கிடைத்தது. 1966-இல் அமெரிக்காவின் கார்வில் என்னும் ஊரிலிருந்த தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே வலியைச் செயற்கையாக உருவாக்கவும் முயன்றார். கையுறையில் அழுத்தத்தை அறியும் கருவிகளைப் பொருத்தி, அளவு மீறினால் காதில் ஒலி எழச் செய்தார். நோயாளிகள் ஒலியைக் கேட்டும் வேலையை நிறுத்தவில்லை. ஒலிக்கு மாறாகச் சிறு மின்னதிர்ச்சி தரப்பட்டது. அவசர வேலை வந்தால் கருவியை அணைத்துவிட்டு வேலையை முடித்தனர். நம் விருப்பப்படி அணைக்க முடியாததாக இருப்பதே வலியின் சிறப்பு என்று தெரிந்துகொண்டு அம்முயற்சியைக் கைவிட்டார். தோல்வியில் முடிந்த இந்த ஆய்வே அவர் செய்தவற்றுள் சிந்திக்க மிகுதியாக இடம் தருவது.

தாய் ஈவ்லின் முதுமையிலும் மலைகளை விட்டு இறங்கவில்லை. குதிரைமீதேறி ஊர் ஊராகச் சென்று பணிசெய்து, 1974-இல் மறைந்தார். கணவரின் கல்லறைக்கு அருகிலேயே கொல்லிமலையில் அடக்கம் செய்யப்பட்டார். பிராண்ட் 2003-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் காலமானார்.

இன்று தொழுநோய்க்கு 6 முதல் 12 திங்கள் உண்ணும் கூட்டு மருந்து உண்டு. அது விலையின்றிக் கிடைக்கிறது. தொடக்கத்திலேயே மருந்துண்டால் விரல் மடங்காது. எனினும் இந்தியாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்படுகிறது. பாபா ஆம்தே 1949-இல் நோயாளிகளுக்காக நிறுவிய ஆனந்தவனத்தை மராட்டிய மாநிலத்துப் பிள்ளைகள் நன்கு அறிவர். நோயாளிகளைப் பிரித்து அடைக்க ஆங்கிலேயர் 1898-இல் இயற்றிய சட்டமோ 2016-இல்தான் நீக்கப்பட்டது.

பிராண்டின் ஆய்வு வேறொரு நோயாளர் கூட்டத்திற்கும் பயன்பட்டது. நீரிழிவு நீடித்தாலும் பாத நரம்புகள் மரத்துப்போகின்றன. அங்கும் வலியின்றிப் புண் வருகிறது. தொழுநோய்க்கெனக் கண்ட மாவுக்கட்டும் மெத்தென்ற செருப்பும் அவர்களுக்கும் வழங்கப்படுகின்றன. ஊரிலிருந்து கராடிக்கு வந்து தங்கும் பாட்டியையோ தாத்தாவையோ நீரிழிவு மருத்துவரிடம் அழைத்துச் சென்றால் இதைக் காணலாம். மருத்துவர் அவர்களைக் கண்களை மூடிக்கொள்ளச் சொல்வார். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் மெல்லிய நைலான் இழை ஒன்றைப் பாதத்தின் ஒவ்வோர் இடத்திலும் தொட்டு, தெரிகிறதா என்று கேட்பார். பாட்டியின் விடைக்காக அவர் ஒரு நொடி காத்திருப்பார்.